முந்தானை போடாத அரக்குச் சேலை

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த உங்களில் யாருக்கு எத்தனை பல் மிச்சம் இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. என் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் கடைசிக் கடைவாய்ப் பல்லும் போயிற்று. மருமகள் என்னை ஏசி போட்ட ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என் பேத்தி வயசில் இருந்த டாக்டர், "வலிக்கவே வலிக்காது பாட்டி" என்றாள். நிஜமாகவே வலிக்கவில்லை. எனக்கு அது என்னவோ போல் இருந்தது. பல் பிடுங்கினால் வலிக்க வேண்டும், பிடுங்குகிறவர் "ஒண்ணுமில்லமா, முடிஞ்சிடுச்சி" என்று பொய் சொல்ல வேண்டும், கடை முழுக்கக் கிராம்புத் தைலம் மணக்க வேண்டும். அப்படிப் பழகின வாய் இது.

நம் தெருவில் விழுந்து எழுந்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று இந்நேரம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் மூன்றாவதும் நான்காவதும் படித்த காலத்தில், காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு முனையில் ஒரு சீனாக்காரர் பல் டாக்டர் இருந்தார். அவருடைய அப்பா ஒரு தோல் பெட்டியில் சாமான்களைப் போட்டுக்கொண்டு கல்கத்தாவிலிருந்து ஊர் ஊராகப் பல் கட்டிக்கொண்டே தெற்கே வந்தவராம். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் நம் பக்கம்தான். காலேஜில் படித்த டாக்டர் இல்லை, அப்பாவிடம் தொழில் பழகினவர். ஆனாலும் ஐயம்பேட்டையிலிருந்தெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள்.

கடை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பல் செட்டுகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். உள்ளே காலால் மிதிக்கிற பல் குடையும் மிஷின். தறிக்காரர்கள் பலருக்கு அவரைப் பிடித்ததற்கு அந்த மிஷினும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். "நம்மள மாதிரி மிதிக்கிறவரு" என்பார் என் அப்பா. தறியில் உட்கார்ந்தவர்கள் பட்டு நூலைப் பல்லால் கடித்தே அறுப்பார்கள். மேல் முன்பல்லில் அரம் வைத்தது போல ஒரு பள்ளம் விழுந்திருக்கும். டாக்டர் அதைப் பார்த்ததும் கோபித்துக்கொள்வார். "கத்திரிக்கோல் இன்னாத்துக்கு வச்சிக்கினு இருக்கறீங்க, மால மாட்டறதுக்கா?" அவர் பேசுவது அச்சு அசல் நம் பேச்சுதான். முகத்தைப் பார்க்காமல் கேட்டால் பிள்ளையார்பாளையத்து ஆள் என்று அடித்துச் சொல்லலாம்.

அவர் மகள் என் வகுப்பு, என் பெஞ்சு. அவளுடைய அம்மாவை நான் சித்தி என்றுதான் கூப்பிடுவேன். சித்தி என் அம்மாவை அக்கா என்பாள். அவர்கள் வீட்டுக்குள் சுவரில் சிவப்புப் பலகை ஒன்று, அதில் தங்க நிறத்தில் எழுத்துகள். அதன் முன்னால் ஆரஞ்சுப் பழமும் சின்னச் சின்னக் கிண்ணத்தில் டீயும் வைத்திருப்பார்கள். உங்கள் சாமிக்கு உருவம் கிடையாதா என்று ஒருநாள் கேட்டேன். "அது சாமி இல்லடி. எங்க தாத்தாவோட தாத்தா பேரு" என்றாள். தாத்தாவுக்கு டீ பிடிக்குமா என்று கேட்டதற்கு, தெரியாது, காபி வைத்தால் அப்பா திட்டுகிறார் என்றாள். தை மாதத்தையொட்டி அவர்களுக்குப் புது வருஷம் வரும். அன்றைக்குப் பசை மாதிரி ஒட்டுகிற அரிசி இனிப்பு ஒன்று எங்கள் வீட்டுக்கு வரும். என் அம்மா அதை முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தில் வடை வைத்துத் திருப்பி அனுப்புவாள்.

டாக்டர் ஒருதரம் எங்கள் இரண்டு பேர் பல்லுக்கும் மாவு வைத்து அச்சு எடுத்தார். விளையாட்டுக்குத்தான். அவள் பல் அச்சு என்னிடம், என்னுடையது அவளிடம் என்று மாற்றி வைத்துக்கொண்டோம். எனக்கு அப்போது முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அவள் அச்சை நான் மாடத்தில் வைத்திருந்தேன். பிறகு ஒரு பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது காணாமல் போயிற்று. யாரோ உடைந்த சாமான் என்று வாரிக் கொட்டியிருப்பார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி பிறக்கும்போது சித்தி வயிற்றுப்பிள்ளைக்காரி. என் அம்மா ஒருநாள் நேராகவே கேட்டாள்.

"ஏழாம் மாசம் பொறந்துடுச்சி. வளையல் அடுக்க உங்க அம்மா வீட்லேர்ந்து யாரு வர்றாங்க?"

"எனக்கு அம்மா இல்லக்கா. அண்ணன் ஒருத்தரு மெட்ராஸ்ல இருக்கறாரு. எங்கள்ல அதெல்லாம் கெடையாது."

"உங்கள்ல இல்லன்னா இன்னா? எங்கள்ல இருக்குது. நான் செய்றேன்."

அப்படித்தான் என் அம்மா அவளுக்குத் தாய் வீடு ஆனாள். முதலாளி கொடுத்த பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் பூட்டுகிற நூல், முடிந்து தறி காலியாக இருந்த சமயம். மிச்சம் பிடித்து வைத்திருந்த சொந்தப் பட்டில் ஒரு சேலைக்குப் பாவு ஏற்றினார் அப்பா. என்ன நிறம் வேண்டும் என்று கேட்டதற்குச் சித்தி வெட்கப்பட்டுக்கொண்டே சிவப்பு என்றாள். அவர்களில் நல்ல காரியத்துக்குச் சிவப்புதானாம். அரக்கு உடல், பச்சைக் கரை என்று முடிவாயிற்று. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கரை நூல் வைத்த நாடாக் கட்டையைத் தள்ள நான் அப்பா பக்கத்தில் உட்காருவேன். என் சிநேகிதி எதிரில் சம்மணம் போட்டு, "எங்கம்மாவோடது, எங்கம்மாவோடது" என்று சேலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கென்று தறியில் சேலை ஏற்றிவிட்டால், நெய்து முடித்துத் தறியிலிருந்து அதை அறுத்து, அவள் உடுத்தி, வளையல் போட்டுக்கொள்கிற வரைக்கும் அவள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் வீட்டில் அது சட்டம். தாண்டினால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. யாரும் தாண்டிப் பார்த்ததும் இல்லை.

அந்த ஐப்பசியில்தான், அறுபத்திரண்டில், வடக்கே எல்லையில் சீனாவோடு சண்டை வந்தது. நமக்கு அது முதலில் ரேடியோவில் வந்த சண்டைதான். டீக்கடை வாசலில் பெரியவர்கள் கூட்டமாக நின்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் யுத்த நிதி சேர்த்தார்கள். டீச்சர் கம்மலைக் கழற்றிக் கொடுத்தார். பல் டாக்டரும் வந்தார். பல்லுக்குக் கட்ட வைத்திருந்த தங்கத் தகட்டை ஒரு வெள்ளைத் துணியில் மடித்துக் கொண்டுவந்து பெரிய டீச்சர் மேஜைமேல் வைத்தார். எல்லாரும் கைதட்டினோம். என் சிநேகிதிக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் ஒருநாள் விடிந்து பார்த்தால் கண்ணாடிப் பெட்டி உடைந்து கிடந்தது. பல் செட்டுகள் மழைத் தண்ணீரில் சிதறிக் கிடந்தன. யார் கல் விட்டது என்று தெரியாது. தெரிந்தாலும் நம் தெருவில் சொல்லமாட்டார்கள். அப்பாவும் இன்னும் சிலரும் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கி, பெட்டிக்கு அட்டை வைத்து அடைத்தார்கள். "பொறுக்கிப் பசங்க டாக்டர், நீங்க மனசுல வச்சிக்காதீங்க" என்றார் அப்பா. டாக்டர் பல் செட்டுகளைக் கழுவி எடுத்து உள்ளே வைத்தார். மறுபடி வாசலில் அவற்றை வைக்கவே இல்லை.

வகுப்பறைச் சுவரில் ஒரு தேசப்படம் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? என் சிநேகிதி அதன் முன்னால் நின்றுகொண்டு, "நான் சீனாவாம். அது எங்கடி இருக்குது?" என்று கேட்டாள். இரண்டு பேரும் தேடினோம். கண்டுபிடித்தபோது ரோஜா நிறத்தில் அவ்வளவு பெரிதாக இருந்தது. நீ அங்கே போயிருக்கிறாயா என்றேன். "நான் செங்கல்பட்டே போனதில்ல" என்றாள்.

மழை விடவில்லை. தறிக்காரர் வீட்டில் ஐப்பசி, கார்த்திகை என்றால் தலைவலிதான். பட்டு ஈரத்தில் நமுத்து அறுந்துபோகும். கால் வைக்கிற தறிப்பள்ளத்தில் தண்ணீர் ஊறும். செம்பால் மொண்டு ஊற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும். நாள் கணக்கில் முடிய வேண்டிய சேலை இழுத்துக்கொண்டே போயிற்று.

அப்படி ஒரு மழை நாளில் நானும் அவளும் டாக்டர் கடை பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தோம். போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு வந்தார். கன்னம் வீங்கி, தலையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். டாக்டர் பல்லைப் பிடுங்கினார். ஏட்டு கொப்பளித்துத் துப்பிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"பாப்பா, ரெண்டு பேரும் வெளிய போய் ஆடுங்க."

மழையில் எங்கே போய் ஆடுவது? தாழ்வாரத்தில் நின்றோம். அவர் போகும்போது டாக்டர் எப்போதும் போல வாசல் வரை வரவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்றைக்கு மத்தியானம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பா தறியில்.

"அக்கா, நாளைக்குக் காலைல பஸ்ஸுக்கு மெட்ராஸ் போறோம். அண்ணன் கூப்புட்றாரு."

ராட்டை நின்றது. "இன்னாமா சொல்ற? சேல தறியில இருக்குது. ஒடல் கொஞ்சமும் முந்தானையும்தான் பாக்கி."

"தெரியும்கா."

"அப்புறம் இன்னா அவசரம்? யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்."

"சும்மாவா போறதுக்கு வயித்துப் புள்ளையோட எல்ல தாண்டுவாங்க? மழ கொஞ்சம் விடட்டும். சேலைய அறுத்து, வளையல் போட்டு, நானே பஸ் ஏத்தி உட்றேன். உங்க அண்ணன்கிட்ட எங்கக்கா உடலன்னு சொல்லு."

அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளுக்கு அப்போது அவ்வளவு உரிமையும் சந்தோஷமும். சித்தி தறிக்குப் பக்கத்தில் வந்து நின்று, அந்த அரக்கின் மேல் கையை வைத்தாள். நகத்தால் மெல்ல நீவிவிட்டாள். பிறகு, "சரிக்கா" என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தச் 'சரிக்கா' இன்னும் என் காதில் அப்படியே இருக்கிறது.

மறுநாள் காலையில் பல் டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலே செம்பை எடுத்துத் தறிப்பள்ளத்துத் தண்ணீரை மொண்டு ஊற்ற ஆரம்பித்தார். மொண்டு மொண்டு ஊற்றினார். வற்றியதும் எங்கள் வீட்டுச் சாக்கை மடித்து உள்ளே விரித்தார். "உக்காருங்க" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சேல கட்டப்போறது உங்க வீட்டம்மா. உங்களுக்கு இன்னா டாக்டர் இவ்ளோ அவசரம்?"

டாக்டரும் சிரித்தார். "கடைல ஆளில்லபா, பொழுது போவல" என்றார். அடுத்த நாளும் வந்தார். மொண்டு ஊற்றினார். அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லிக் கேலி செய்துகொண்டிருந்தார், பெண்டாட்டி சேலைக்காகத் தண்ணீர் இறைக்கிற டாக்டர் என்று. நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

முந்தானை தொடங்கின அன்று காலை மழை சுத்தமாக விட்டு வெயில் அடித்தது. அம்மா சிவப்புக் கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தாள். அப்பா தறியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, தெரு முனையில் போலீஸ் வேன் வந்து நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். ஆளுக்கு ஒரு பை எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியூர் அதிகாரி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஏட்டு வேனுக்குப் பக்கத்தில் வீங்கின கன்னத்தோடு நின்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. தெருவே திரண்டு நின்றது. அப்பா ஒருவர்தான் அதிகாரியிடம் போய், "சார், இவரு நம்ம ஆளு சார், பல் டாக்டரு சார்" என்றார். அதிகாரி, "தெரியும், தள்ளி நில்லு" என்றார். அவரும் கடுமையாகச் சொல்லவில்லை. அவருக்கு மேலே யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கு மேலே யாரோ.

அப்பா திரும்பி வீட்டுக்கு ஓடினார். கத்தியை எடுத்து, முந்தானை தொடங்கின இடத்திலேயே சேலையை அறுத்தார். முடியாத சேலையை அறுப்பதை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அம்மா அதை அப்படியே வாரிக்கொண்டு ஓடினாள். பாவு நூல் பின்னால் தொங்கிக்கொண்டே வந்தது.

சித்தி வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அம்மா சேலையை அவள் மடியில் வைத்துவிட்டு வளையலை எடுத்தாள். ஒரு கைக்கு மட்டும் போட முடிந்தது. அதற்குள் கதவைச் சாத்த வந்துவிட்டார்கள்.

சித்தி சேலையை எடுத்து அம்மா கையில் திருப்பிக் கொடுத்தாள். "வேணாம்கா. முந்தானை போடாத சேலைய குடுத்தனுப்பாதீங்க. வச்சிருங்க. நான் திரும்பி வந்து கட்டிக்கிறேன்."

என் சிநேகிதி பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டு, "டீச்சர் கேட்டா எனக்கு ஜுரம்னு சொல்லிடு" என்றாள். நான் அப்படியே சொன்னேன். டீச்சர் என்னைப் பார்த்தார், அட்டெண்டன்ஸ் நோட்டை மூடிவிட்டார்.

ராஜஸ்தான் பக்கம் பாலைவனத்தில் ஒரு முகாமில் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். கப்பலில் ஏற்றிச் சீனாவுக்கே அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். சீனாவில் அவர்களுக்கு யாரைத் தெரியும்? அப்பா ஸ்டேஷனுக்குப் போய்ப் போய் விசாரித்தார். இனிமேல் விசாரிக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். பல் டாக்டர் கடை பூட்டியே கிடந்து, பிறகு மளிகைக் கடையாயிற்று. இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். போன வருஷம் சார்ஜர் வாங்கப் போனேன். பெட்டியைத் திருப்பினால் சீனாவில் செய்தது என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

ஏட்டு ரிட்டையர் ஆன பிறகு, ஒரு பிரதோஷத்தன்று ஏகாம்பரநாதர் கோயிலில் அப்பாவைப் பிடித்து நிறுத்தி அழுதாராம். பல் பிடுங்கின அன்றே டாக்டரிடம் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உத்தரவு வரப்போகிறது, இன்றைக்கோ நாளைக்கோ ஊரை விட்டுப் போய்விடு, நான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சு விடாதே, என் வேலை போய்விடும் என்று. சித்தியின் அண்ணன் துறைமுகத்தில் வேலை செய்தவர். சிங்கப்பூரில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். கப்பல் ஏற்றிவிட ஏற்பாடு இருக்கிறது என்று டாக்டரே அன்றைக்குச் சொன்னாராம். "ஏன் டாக்டர் போவலன்னுதான் எனக்கு இன்னும் புரியல" என்றாராம் ஏட்டு.

அப்பாவுக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா எழுந்து போய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தாள், அந்த அரக்குச் சேலையைப் பார்த்தாள், மூடினாள். மெட்ராஸ் போயிருந்தாலும் அங்கே பிடித்திருப்பார்கள் என்று அப்பா சமாதானம் சொன்னார். இருக்கலாம். யாருக்குத் தெரியும்? ஏட்டைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று அவர்கள் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காததால் அம்மா பிரியமாக நிறுத்தி வைத்தாள். இதில் யாரைப் போய் நான் கோபித்துக்கொள்வது? பல தடவை முயற்சி செய்து பார்த்துவிட்டேன். ஒருவர் மேலும் கோபம் நிற்கமாட்டேன் என்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யார் கிளம்புகிறேன் என்றாலும், அம்மா, "கெளம்பு" என்றுவிடுவாள். இருந்து சாப்பிட்டுப் போ என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். "உங்கம்மா வந்தவங்கள தொரத்துது" என்று சொந்தக்காரர்கள் என்னிடமே குறைப்பட்டிருக்கிறார்கள்.

இத்தனையும் இப்போது எழுதக் காரணம் எங்கள் மாடி வீடு. அதில் ஒரு சீனத்துப் பெண் வாடகைக்கு இருந்தாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் பாகம் செய்கிற தொழிற்சாலையில் மிஷின் பூட்டிக் கொடுக்க வந்தவள். அவள் தன் பாஷையில் போனைப் பார்த்துப் பேசுவாள், போன் அதைப் புத்தகத் தமிழாக்கி எங்களிடம் சொல்லும். அவளுடைய அம்மா ஏதோ தூரத்து ஊரில் துணிக் கம்பெனி வேலையாம். இவளைத் தாத்தாவிடம் கிராமத்தில் விட்டுவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை புது வருஷத்துக்குத்தான் வந்து பார்ப்பாளாம். அந்தப் புது வருஷத்துக்கு ஒட்டுகிற அரிசி இனிப்பு செய்வீர்களா என்று நான் கேட்டேன். போன் அதை அவளிடம் சொன்னதும் அவள் கண் விரிந்தது.

மருமகளுக்கு அவள் மேல் உயிர். பட்டுச்சேலை கட்டிப் பார்க்க அந்தப் பெண் ஆசைப்பட்டாள் என்று, ஒரு தறிக்காரரிடம் நெய்யச் சொல்லி வைத்தாள். நிறம் சிவப்பு. அதை நான் சொல்லவில்லை, அந்தப் பெண்ணே கேட்டாள்.

இரண்டு வாரம் முன்பு ஒரு காலையில் கம்பெனியிலிருந்து அவளுக்குச் செய்தி வந்தது. எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டும், மத்தியானம் வண்டி வரும் என்று. அவர்கள் அரசாங்கம் கூப்பிட்டுக்கொண்டதா, நம் பக்கம் விசா கொடுக்கவில்லையா, என் பையனுக்கும் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை.

மருமகள் மாடிப்படியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழம சேல வந்துடும்மா. கம்பெனில கேட்டுப் பாரேன், இருந்து கட்டிக்கினு போ."

"அவ கைய உடு" என்றேன். கத்தித்தான் சொன்னேன் போலிருக்கிறது. மருமகள் பயந்து திரும்பிப் பார்த்தாள். "நிறுத்தாத. கெளம்பட்டும்." என் அம்மாவின் குரல்தான் என் வாயில் வந்தது.

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ. போனை எடுத்து ஏதோ பேசி, என் பக்கம் நீட்டினாள். போன் சொன்னது: "பாட்டி, சேலையை வைத்திருங்கள். நான் திரும்பி வந்து கட்டிக்கொள்கிறேன்."

படியிலேயே உட்கார்ந்தேன். வைத்திருக்கிறேன் என்றேன். போன் அதை அவளுக்குச் சொன்னது. அவள் தலையாட்டிவிட்டு வண்டி ஏறினாள்.

சேலை வெள்ளிக்கிழமை வந்தது, முந்தானையோடு, முழுதாக. ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பழையதன் பக்கத்தில் வைத்தேன். பழையது மடிப்புகளில் இற்றுப்போயிருக்கிறது, தொங்குகிற பாவு நூல் மட்டும் அப்படியே இருக்கிறது. சித்தி இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பாள். அன்றைக்கு வயிற்றில் இருந்த பிள்ளைக்கே அறுபது கடந்திருக்கும். எனக்கோ வாயில் ஒரு பல் இல்லை. திரும்பி வந்து கட்டிக்கொள்கிறேன் என்ற இரண்டு பேருக்காக இன்னும் நான் காத்திருக்க வேண்டியிருக்கிறது.